வீட்லயே ஃபிலிம் டெவலப்பர் கலக்கணுமா? டி-76-க்கு முன்னாடி டி-23-ல கை வைங்க

உங்க கேள்விய சுருக்கமா சொல்லிடறேன். டி-76 பாக்கெட், அதாவது எடுத்த ஃபிலிம்ல படத்த வெளிய கொண்டு வர்ற கோடாக் டெவலப்பர் பவுடர், தேவைப்படுறப்ப கிடைக்க மாட்டேங்குது, கிடைச்சாலும் விலை கட்டுப்படியாகல. அதனால அதுல இருக்கிற மெட்டோல், ஹைட்ரோகுயினோன் எல்லாம் தனித்தனியா வாங்கி வீட்லயே கலக்கலாமா, 0.1 கிராம் காட்டுற தராசு போதுமா, மதுரை வெயில்ல டெவலப்பருக்கு வேண்டிய 20 டிகிரிக்கு எங்க போறது, இந்த தலைவலியே வேணாம்னு காபித்தூள்ல கழுவிடலாமா. இவ்ளோதான கேட்டீங்க?

தாராளமா கலக்கலாம். ஆனா முதல் தடவையே டி-76 வேண்டாம், டி-23-ல ஆரம்பிங்க. அதுல ரெண்டே பொருள்தான்: மெட்டோல் 7.5 கிராம், தண்ணி நீக்கின சோடியம் சல்ஃபைட் 100 கிராம், மொத்தம் ஒரு லிட்டர் ஆகுற அளவுக்கு தண்ணி. வேற எதுவும் கிடையாது. 1944-ல கோடாக் ஆராய்ச்சிக்கூடத்துல ஹென், கிராப்ட்ரீங்கிற ரெண்டு பேர் வெளியிட்ட ஃபார்முலா இது, ஆன்சல் ஆடம்ஸே விரும்பி பயன்படுத்தினதுதான், அதனால ஏதோ கத்துக்குட்டிகளுக்கான மட்டமான டெவலப்பர்னு நினைச்சுடாதீங்க. கிரெயின், அதாவது படத்துல தெரியிற பொடிப்பொடி புள்ளி, மென்மையா வரும், ஹைலைட், அதாவது வெளிச்சமான இடம், சட்டுனு அடைச்சுக்காது, நம்ம ஊர் மதிய வெயில்ல எடுத்த படத்துக்கு டி-76-ஐ விட இதுதான் பொருத்தம்னு நான் சொல்லுவேன். இன்னொன்னு, ரெண்டே பொருள் இருக்கிறதால ரிசல்ட் சரியில்லன்னா காரணம் எதுன்னு கண்டுபிடிச்சுடலாம், அஞ்சு பொருள் போட்டு கலக்கிட்டு ஃபிலிம் வெளுத்து வந்தா எத சந்தேகப்படுவீங்க?

ஒவ்வொண்ணும் உள்ள என்ன வேலை செய்யுதுன்னு புரிஞ்சுட்டா மத்த எல்லா ஃபார்முலாவும் தானா பிடிபடும், அதனால இத கொஞ்சம் விரிவா சொல்றேன். ஃபிலிம்ல இருக்கிறது சில்வர் ஹாலைடு படிகங்கள். வெளிச்சம் பட்ட படிகத்துல மட்டும் நாலஞ்சு வெள்ளி அணு ஒட்டி ஒரு சின்ன புள்ளி உண்டாகியிருக்கும், கண்ணுக்கு தெரியாது. டெவலப்பிங் ஏஜென்ட் எலக்ட்ரான குடுக்கிறப்ப அந்த புள்ளி இருக்கிற படிகம் முதல்ல மொத்தமா வெள்ளியா மாறுது, புள்ளி இல்லாதது ரொம்ப மெதுவா மாறும், அந்த வேக வித்தியாசம்தான் நம்ம படம். டி-23-ல எலக்ட்ரான் குடுக்கிறது மெட்டோல். அதுக்கு வேலை செய்ய ஓரளவு காரத்தன்மை வேணும், சல்ஃபைட் கரைசலே லேசான காரம்ங்கிறதால தனியா போராக்ஸ், சோடான்னு எதுவும் போட வேண்டியதில்ல. மெட்டோல் காத்து பட்டா கெட்டுப்போகும், அத காப்பாத்துறதும் சல்ஃபைட்தான். இதுக்கு மேல மூணாவதா ஒரு வேலையும் அது பாக்குது: லிட்டருக்கு 100 கிராம்ங்கிற அளவுல சில்வர் ஹாலைடோட விளிம்ப லேசா கரைக்கும், அதனாலதான் கிரெயின் மெல்லிசா தெரியுது. இதயே 1:1-னு தண்ணி கலந்தா சல்ஃபைட் 50 கிராமா குறையுது, 1:3-ன்னா 25 கிராம், கரைக்கிற சக்தி குறையக் குறைய கிரெயின் கொஞ்சம் துருத்திட்டு தெரியும், ஆனா ஷார்ப்னஸ் கூடும். எல்லாரும் டெவலப்பர்னா மெட்டோலப் பத்தியே பேசுறாங்க, என்னக் கேட்டா சல்ஃபைட் நல்லதா அமைஞ்சா பாதி வேலை முடிஞ்சுது.

அதனால வாங்குறப்ப சல்ஃபைட்லதான் ரொம்ப கவனமா இருக்கணும். சோடியம் சல்ஃபைட், சோடியம் சல்ஃபேட், சோடியம் சல்ஃபைடு மூணும் வேற வேற பொருள், கடைல அவசரத்துல மாத்தி எடுத்துக் குடுக்கிறது நடக்கிற விஷயம்தான். சல்ஃபேட்ட போட்டா டெவலப்பர் வேலையே செய்யாது, ஒரு ரோல் போச்சு அவ்ளோதான். ஆனா சல்ஃபைடு அப்படி இல்ல, அது அமிலத்தோட சேர்ந்தா ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும், அது உயிருக்கே ஆபத்து. அதனால வாயால பேர் சொல்லி வாங்காதீங்க, லேபிள்ல இருக்கிற சி.ஏ.எஸ் நம்பர, அதாவது ஒவ்வொரு ரசாயனத்துக்கும் தனித்தனியா இருக்கிற அடையாள நம்பரப் பாருங்க. தண்ணி நீக்கின சோடியம் சல்ஃபைட்டுக்கு 7757-83-7. கடைசில 82-6-னு முடிஞ்சா அது சல்ஃபேட், எவ்ளோ பக்கத்து நம்பர் பாருங்க, அதனால முழு நம்பரையும் படிங்க. மெட்டோலுக்கு 55-55-0, ஹைட்ரோகுயினோனுக்கு 123-31-9.

தரம் பத்தி: லேப் கெமிக்கல் கடைல எல்.ஆர் கிரேடு (சாதாரண லேப் தரம்), ஏ.ஆர் கிரேடு (இன்னும் சுத்தமானது)-னு ரெண்டு இருக்கும், நமக்கு எல்.ஆர் போதும், ஏ.ஆருக்கு அதிக காசு குடுக்கிறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. சென்னைல பாரிமுனை பக்கம் கெமிக்கல் கடைகள் இருக்கு, மதுரைல காலேஜ் லேபுக்கு சப்ளை பண்றவங்கள விசாரிங்க. சல்ஃபைட் தண்ணி சேர்ந்த படிகமாவும் வரும், ஹெப்டாஹைட்ரேட்னு போட்டிருப்பாங்க, அது கிடைச்சா 100 கிராமுக்கு பதில் 200 கிராம் போடணும், ஏன்னா அதுல பாதி எடை தண்ணி. 100 கிராம் மெட்டோல் பாட்டில் ஒண்ணு வாங்கினா 13 லிட்டர் டி-23 வரும், அரை கிலோ சல்ஃபைட்ல 5 லிட்டர் வரும், அந்த கணக்குல வாங்கிக்கோங்க. கிலோக்கணக்கா வாங்கி அடுக்காதீங்க, சல்ஃபைட் ஈரக்காத்துல கொஞ்சம் கொஞ்சமா சல்ஃபேட்டா மாறிட்டே இருக்கும், மழைக்காலத்துல மூடி சரியா மூடலன்னா கட்டி கட்டியா ஆயிடும்.

கைல இருக்கிறது நிஜமாவே சல்ஃபைட்தானான்னு பாக்க ஒரு சுலபமான வழி இருக்கு. மருந்துக்கடைல பொட்டாசியம் பெர்மாங்கனேட் கிடைக்கும், ஒரே ஒரு துணுக்க அரை டம்ளர் தண்ணில போட்டா ரோஸ் கலர் வரும், அதுல சந்தேகப்படுற பவுடர ஒரு சிட்டிகை போடுங்க. சல்ஃபைட்டா இருந்தா அந்த ரோஸ் கலர் போயிடும், பழுப்பாகும் இல்லன்னா வெளுத்துடும். சல்ஃபேட்டா இருந்தா கலர் அப்படியே நிக்கும். பாதி கெட்டுப்போன சல்ஃபைட்ட இது காட்டிக்குடுக்காது, ஆனா சல்ஃபேட் ஆள் மாறாட்டத்த காட்டிக்குடுக்கும். சல்ஃபைடும் இதே மாதிரி கலர போக்கிடும், அதனால அத இத வச்சு கண்டுபிடிக்க முடியாது, லேபிள் நம்பரதான் நம்பணும். மெட்டோல் வெள்ளையா இல்ல லேசான கிரீம் கலர்ல இருக்கணும், நல்லா பழுப்பேறி இருந்தா வாங்காதீங்க.

தராசு விஷயத்துக்கு வர்றேன். 0.1 கிராம் தராசு டி-23-க்கு போதும். 7.5 கிராம்ல 0.1 முன்னப்பின்ன ஆனா ஒரு சதவீதத்த விட கொஞ்சம்தான் கூட, ஃபிலிம்ல தெரியவே தெரியாது. சல்ஃபைட்ல ரெண்டு கிராம் கூடக்குறைய போனாலும் ஒண்ணும் ஆகாது. அரை லிட்டர், கால் லிட்டர்னு சின்னதா கலக்குறப்பதான் தப்பு பெருசாகும், அதனால எப்பவும் ஒரு லிட்டரா கலக்குங்க. பொட்டாசியம் ப்ரோமைடு, ஃபீனிடோன் மாதிரி ஒரு கிராமுக்கும் கீழ வர்ற பொருள் உள்ள ஃபார்முலாவுக்கு போறப்ப 0.01 தராசு வாங்கிக்கலாம்.

பாதுகாப்பு. சமையல்கட்டுல கலக்கலாமான்னு கேட்டிருந்தீங்க, வேண்டாம், வீட்ல சின்னப் பசங்க இருக்காங்கன்னு வேற சொல்றீங்க. மெட்டோல் சிலருக்கு தோல் அலர்ஜி உண்டாக்கும், ஒரு தடவை உடம்பு அத பிடிச்சுக்கிட்டா அதுக்கப்புறம் கொஞ்சம் பட்டாலும் கை வெடிச்சு அரிக்கும், அந்த காலத்து டார்க்ரூம்காரங்க நிறைய பேருக்கு இருந்த தொல்லை இது. நைட்ரைல் கையுறை கட்டாயம், பவுடர் அள்ளுறப்ப மாஸ்க் போட்டுக்கோங்க, ஃபேன நிறுத்திடுங்க, அப்பதான் தூசி பறக்காது. பாத்திரம், ஸ்பூன், புனல் எல்லாம் இதுக்குன்னே தனியா இருக்கட்டும், திரும்ப அடுக்களைக்கு போகவே கூடாது. கலந்தத குடிக்கிற தண்ணி பாட்டில்லயோ கூல்டிரிங்க்ஸ் பாட்டில்லயோ ஊத்தி வைக்காதீங்க, எவ்ளோ பெரிய லேபிள் ஒட்டினாலும் சரி. பழுப்பு கண்ணாடி பாட்டில் லேப் கடைலயே கிடைக்குது, அத வாங்கி எட்டாத உயரத்துல வைங்க.

இப்ப கலக்குறது. தண்ணி ஆர்.ஓ இல்ல டிஸ்டில்டு. போர் தண்ணில கால்சியம் இருக்கும், அது சல்ஃபைட்டோட சேர்ந்து வெள்ளையா கலங்கி அடில படியும். தண்ணிய கொதிக்க வச்சு 50 டிகிரிக்கு ஆற விடுங்க, கொதிக்கிறப்ப அதுல கரைஞ்சிருக்கிற ஆக்சிஜனும் ஓரளவு போயிடும், அது நமக்கு நல்லதுதான். 750 மில்லி எடுத்துக்கோங்க, ஒரு லிட்டரையும் முதல்லயே ஊத்தக் கூடாது, ஏன்னா 100 கிராம் சல்ஃபைட் உள்ள போறப்ப அதுவும் இடம் பிடிக்கும்ல.

முதல்ல சல்ஃபைட் ஒரே ஒரு சிட்டிகை. அது மெட்டோல் கரையிற நேரத்துல காத்து பட்டு நிறம் மாறாம இருக்க. அப்புறம் 7.5 கிராம் மெட்டோல மொத்தமா போட்டு கண்ணாடிக் குச்சியால மெதுவா கலக்குங்க, நுரை வர்ற மாதிரி அடிக்காதீங்க, அடிச்சா காத்த உள்ள இழுக்கும். சின்னச் சின்ன ஊசி மாதிரி படிகங்க சுத்தி சுத்தி வரும், ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல குறைஞ்சுட்டே போய் காணாம போயிடும், பீக்கர வெளிச்சத்துக்கு எதிரா தூக்கிப் பிடிச்சு ஒரு துணுக்கு கூட மிதக்கலன்னு உறுதி பண்ணிட்டுதான் அடுத்தது. இந்த இடத்துல அவசரப்படவே கூடாது. மெட்டோல் வெறும் தண்ணில சுலபமா கரையும், ஆனா சல்ஃபைட் நிறைஞ்ச தண்ணில கரைய ரொம்ப அடம் பிடிக்கும், முழு சல்ஃபைட்டையும் முன்னாடியே போட்டீங்கன்னா மெட்டோல் திரிஞ்ச பால் மாதிரி வெள்ளை வெள்ளையா நிக்கும், எவ்ளோ கலக்கினாலும் போகாது. நெட்ல எந்த ஃபார்முலாவப் பாத்தாலும் பொருள எழுதியிருக்கிற வரிசைதான் போடுற வரிசை, அத மாத்தாதீங்க.

மெட்டோல் கரைஞ்சதும் சல்ஃபைட்ட ஒரு கைல தூவிட்டே இன்னொரு கையால கலக்கிட்டே இருக்கணும். கொட்டிட்டு அப்புறம் கலக்கலாம்னு விட்டா அடில பாறை மாதிரி ஒரு பொறுக்கு கட்டிக்கும், அத குச்சியால உடைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். முதல்ல மங்கலா இருக்கும், கொஞ்ச நேரத்துல தெளிஞ்சுடும். அப்புறம் சாதா தண்ணி ஊத்தி சரியா ஒரு லிட்டர் ஆக்குங்க, பாட்டில கழுத்து வரைக்கும் நிரப்புங்க, உள்ள காத்துக்கு இடமே இருக்கக் கூடாது. ஒரு பெரிய பாட்டில விட 250 மில்லி பாட்டில் நாலு நல்லது, ஒண்ண திறந்தா மத்த மூணும் தொடாம இருக்கும். தேதி எழுதி ஒட்டுங்க. ஒரு ராத்திரி விட்டுட்டு மறுநாள் பயன்படுத்துங்க.

ஆனா நேரா ஃபிலிம போடாதீங்க, முதல்ல லீடர் டெஸ்ட். எந்த ரோல்லயும் வெளிய நீட்டிட்டு இருக்கிற நாக்கு இருக்கே, அதுல ரெண்டு விரல் அகலம் வெட்டி, லைட் எரியிற ரூம்லயே, கழுவப்போற அளவுக்கு கலந்த டெவலப்பர்ல பாதி முங்குற மாதிரி பிடிங்க. அது முழுசா வெளிச்சம் பட்ட துண்டு, அதனால சில நிமிஷத்துலயே சாம்பல் நிறமாகி அப்புறம் நல்லா கருத்துடணும். கருத்துச்சுன்னா டெவலப்பர் உயிரோட இருக்கு. பத்து நிமிஷம் ஆகியும் வெளிறியே இருந்தா சல்ஃபைட்டோ மெட்டோலோ ஏதோ ஒண்ணு சரியில்ல, கொட்டிட்டு வேற கலக்குங்க, திரும்ப எடுக்க முடியாத கல்யாண ரோல உள்ள போட்டுடாதீங்க. பாக்கெட் டெவலப்பர்னா இத விட்டாலும் பரவால்ல, சொந்தமா கலந்ததுக்கு ஒவ்வொரு பாட்டிலுக்கும் இத செய்யணும், செலவு ஒரு துண்டு ஃபிலிம்தான்.

நேரமும் சூடும். உங்ககிட்ட இல்ஃபோர்ட் கம்பெனியோட ஹெச்பி5 ஃபிலிம் இருக்குன்னு சொன்னீங்க. இல்ஃபோர்ட் அவங்க ஐடி-11 டெவலப்பர்ல, அதுவும் டி-76-ம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், 1:1 கலப்புல 20 டிகிரிக்கு 13 நிமிஷம்னு குடுத்திருக்காங்க. டி-23-க்கும் அங்கயே ஆரம்பிங்க, தேவைப்பட்டா அடுத்த ரோல்ல பத்து சதவீதம் ஏத்திக்கலாம். ஒரு டிகிரி ஏறினா நேரம் சுமாரா பத்துல ஒரு பங்கு குறையும், முந்தின டிகிரியோட நேரத்துல இருந்து கணக்கு போடணும், அப்படி பாத்தா 24 டிகிரில 13 நிமிஷம் 9 நிமிஷத்துக்கு கொஞ்சம் குறைவா வரும், 9-னே வச்சுக்கோங்க. நம்ம ஊருக்கு 24 தான் நியாயமான இலக்கு, 20-க்காக போராட வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் டப்பால தண்ணி ஊத்தி, ஐஸ் கட்டிய கவர்ல கட்டி அதுல போட்டு, டெவலப்பர் பாட்டில், ஃபிக்ஸர் (டெவலப் ஆன படத்த நிலைநிறுத்துற கரைசல்) பாட்டில், கழுவுற தண்ணி எல்லாத்தையும் ஒண்ணா அதுக்குள்ள நிறுத்துங்க, தெர்மாமீட்டர் 24 காட்டுறப்ப ஆரம்பிங்க. ஐஸ நேரா டெவலப்பர்ல போடக் கூடாது, கலப்பு மாறிடும். டெவலப்பர மட்டும் குளிர வச்சுட்டு அப்புறம் மாடி டேங்க்ல இருந்து வர்ற 34 டிகிரி தண்ணில கழுவினா எமல்ஷன், அதாவது ஃபிலிம் மேல பூசியிருக்கிற ஜெலட்டின் படலம், திடீர்னு உப்பி சுருங்கும், அதுல சில நேரம் ஜெலட்டின் வலை வலையா வெடிச்சு நிக்கும், அத எதாலயும் சரி பண்ண முடியாது. எல்லா தண்ணியும் ரெண்டு மூணு டிகிரிக்குள்ள இருக்கணும், அந்த ஒற்றுமை 20-ங்கிற நம்பர விட முக்கியம்.

ஸ்டாக்கா, அதாவது தண்ணி கலக்காம பயன்படுத்தினா நேரம் ரொம்ப குறைஞ்சுடும், 5 நிமிஷத்துக்கு கீழ போனா ஃபிலிம் திட்டுத்திட்டா கழுவும், அதனாலயும் வெயில் ஊருக்கு 1:1 தான் நல்லது. 300 மில்லி டேங்க்குக்கு ஸ்டாக் 150, தண்ணி 150, முடிஞ்சதும் கொட்டிடுங்க. ஒரு லிட்டர்ல ஆறு ரோல் வரும்.

ஆறு ரோல் கழுவி கை பழகினதுக்கப்புறம் டி-76-க்கு வாங்க. மெட்டோல் 2 கிராம், சல்ஃபைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, போராக்ஸ் 2, ஒரு லிட்டர், இதே வரிசைல. 1920-கள்ல கோடாக்ல கேப்ஸ்டாஃப் சினிமா ஃபிலிம் டூப்ளிகேட் எடுக்கிறதுக்காக உருவாக்கினது, அப்புறம் உலகமே எடுத்துக்கிச்சு. இதுல ஒரு அழகு இருக்கு. ஹைட்ரோகுயினோன் இவ்ளோ குறைஞ்ச காரத்துல தனியா விட்டா ஏறக்குறைய ஒண்ணுமே செய்யாது, ஆனா வேலை செஞ்சு களைச்சுப்போன மெட்டோல திரும்ப உயிர்ப்பிச்சு விடுது, அதனாலதான் 2 கிராம் மெட்டோலே போதுமானதா இருக்கு. ஆனா இதுலயே ஒரு வில்லங்கமும் உண்டு. வச்சிருக்க வச்சிருக்க ஹைட்ரோகுயினோன் காத்தோட சேர்ந்து சல்ஃபைட்டோட வினைபுரியிறப்ப காரம் உண்டாகுது, கரைசலோட காரத்தன்மை மெதுவா ஏறுது, சில வாரம் கழிச்சு அதே டெவலப்பர் முன்னைய விட கான்ட்ராஸ்ட் கூட குடுக்கும். பழைய டி-76-ல படம் முரட்டுத்தனமா வருதுன்னு சொல்றவங்க சொல்றது இதத்தான். இதுக்கு கோடாக்கே டி-76டி-னு ஒண்ணு குடுத்தாங்க, போராக்ஸ் 8, போரிக் ஆசிட் 8, மத்தது அப்படியே, அந்த ரெண்டும் சேர்ந்து காரத்தன்மைய ஆடாம பிடிச்சுக்கும். வீட்ல கலக்குறவங்களுக்கு நான் இதத்தான் சிபாரிசு பண்ணுவேன். இன்னொரு வழி கிரான்ட் ஹெய்ஸ்ட்ங்கிற கோடாக் கெமிஸ்ட் சொன்னது, ஹைட்ரோகுயினோன எடுத்துட்டு மெட்டோல 2.5 கிராமா ஏத்திட்டா போதும்ங்கிறார், அதுவும் நல்லா வேலை செய்யும்.

போராக்ஸ் நாட்டு மருந்துக்கடைல வெண்காரம்னு கிடைக்கும். வறுத்து பொரிச்ச வெண்காரம் வாங்கிடாதீங்க, அதுல தண்ணி போயிருக்கும், அதே 2 கிராம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வேலை செய்யும். கண்ணாடிக்கல் மாதிரி கட்டியா இருக்கிற பொரிக்காததா பாத்து வாங்கி பொடிச்சுக்கோங்க.

வெயில் கான்ட்ராஸ்ட் உங்களுக்கு பெரிய பிரச்சனைன்னா, கோயில் பிரகார நிழலும் வெளி வெயிலும் ஒரே ஃபிரேம்ல எடுக்கிற ஆள் நீங்கன்னா, ரெண்டு பாத் முறைய, அதாவது ரெண்டு கரைசல்ல ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா டெவலப் பண்றத, கண்டிப்பா பாருங்க. ஸ்டோக்லர் பேர்ல சொல்ற ஃபார்முலா: முதல் பாத் மெட்டோல் 5, சல்ஃபைட் 100, ஒரு லிட்டர், ரெண்டாவது பாத் போராக்ஸ் 10 கிராம், ஒரு லிட்டர். முதல்ல நாலஞ்சு நிமிஷம், நடுவுல கழுவாம நேரா ரெண்டாவதுல மூணு நிமிஷம். எமல்ஷன் உறிஞ்சிட்டு வந்த மெட்டோல் மட்டும்தான் ரெண்டாவதுல வேலை செய்யும். ஹைலைட் இருக்கிற இடத்துல அது சீக்கிரம் தீர்ந்துடும், நிழல் இருக்கிற இடத்துல தீராம தொடர்ந்து வேலை நடக்கும், அதனால நிழல் திறந்து வரும், வானம் அடைச்சுக்காது. சூடு எவ்ளோ இருந்தாலும் பரவால்லன்னு இத பத்தி சொல்லுவாங்க, அத நம்பாதீங்க, முதல் பாத்லயே பாதி டெவலப் ஆகிடுது, அங்க சூடு முக்கியம்தான். முதல் பாத்த திரும்பத் திரும்ப பயன்படுத்தலாம், ரெண்டாவத கொட்டிடுங்க.

காபி கேட்டீங்களே. 1995-ல அமெரிக்கால ராச்செஸ்டர்ல ஸ்காட் வில்லியம்ஸ்ங்கிற பேராசிரியர் மாணவங்களோட சேர்ந்து பண்ணினது, காஃபினால்னு பேர். இப்ப பரவலா சொல்றது லிட்டருக்கு தண்ணி நீக்கின வாஷிங் சோடா 54 கிராம், விட்டமின் சி பவுடர் 16 கிராம், இன்ஸ்டன்ட் காபி 40 கிராம், 20 டிகிரில 15 நிமிஷம். வேலை செய்யுது, அதுல சந்தேகமில்ல. டெவலப் பண்றது காஃபின் இல்ல, காபில இருக்கிற காஃபிக் ஆசிட் வகையறாக்கள், அதனால நம்ம ஊர் சிக்கரி கலந்த தூள்ல பலம் குறையும், சிக்கரி இல்லாத மலிவான ரொபஸ்டா இன்ஸ்டன்ட்தான் நல்லா வரும். வாஷிங் சோடா படிகமா இருந்தா 54-க்கு பதில் 146 கிராம். ஆப்ப சோடா வேற, அத போட்டா வேலைக்காகாது. ஆனா ஒவ்வொரு பாட்டில் காபியும் ஒவ்வொரு மாதிரி, கறை மூட்டம் ஃபிலிம்ல நிக்கும், ஐஎஸ்ஓ 400 ஃபிலிம்ல இன்னும் அதிகம், வச்சிருக்கவும் முடியாது, கலந்த உடனே பயன்படுத்தணும். நாலு பசங்கள உக்கார வச்சு ஃபிலிம் எப்படி உருவாகுதுன்னு காட்டுறதுக்கு இத விட நல்லது இல்ல. வாராவாரம் கழுவுறவங்க டி-23-லயே இருங்க.

பாரசிட்டமால் மாத்திரைல செய்யிறத பத்தியும் கேள்விப்பட்டிருப்பீங்க. 500 மில்லிகிராம் மாத்திரை 30, சல்ஃபைட் 50 கிராம், காஸ்டிக் சோடா 20 கிராம், 250 மில்லி, மூணு நாள் ஊற விட்டா 1891-ல ஆக்ஃபா கொண்டு வந்த ரோடினால் மாதிரி ஒண்ணு வரும், 1:50 கலந்து கழுவலாம், ரொம்ப நாள் கெடாது. காஸ்டிக் சோடா தண்ணில விழுறப்ப கொதிக்கிற அளவுக்கு சூடாகும், கண்ணுல தெறிச்சா பார்வையே போகும், அதனால முதல் முயற்சியா இத எடுக்காதீங்க, எடுத்தாலும் கண்ணாடி போட்டுட்டு, காஸ்டிக்க தண்ணில கொஞ்சம் கொஞ்சமா போடணுமே தவிர காஸ்டிக் மேல தண்ணிய ஊத்தக் கூடாது.

ஃபிக்ஸருக்கு ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்) படிகம் 250 கிராம், சல்ஃபைட் 15 கிராம், ஒரு லிட்டர். ஹைப்போ கரையிறப்ப தண்ணி ஜில்லுனு ஆகும், அதனால வெதுவெதுப்பான தண்ணில கலக்குங்க. லீடர் துண்ட இதுல போட்டு பால் நிறம் போய் கண்ணாடியா ஆக எவ்ளோ நேரம்னு பாருங்க, அதுக்கு ரெண்டு மடங்கு நேரம் ஃபிக்ஸ் பண்ணுங்க. புதுசுல ஆன நேரத்துக்கு ரெட்டிப்பா ஆகுறப்ப அந்த ஃபிக்ஸர் தீர்ந்துடுச்சு. டெவலப்பருக்கும் ஃபிக்ஸருக்கும் நடுவுல தண்ணில நல்லா நாலஞ்சு தடவை மாத்தி மாத்தி அலசினா போதும், டெவலப் ஆகுறத நிறுத்துற ஆசிட் ஸ்டாப் பாத் தேவையில்ல. படிகாரம் போட்ட ஹார்டனிங் ஃபிக்ஸர் பழைய ஃபிலிமுக்கு வேண்டியிருந்துச்சு, அப்ப எமல்ஷன் வெயில்ல வழண்டு வந்துடும், இப்ப வர்ற ஃபிலிமுக்கு 24 டிகிரில அது வேண்டாம். தீர்ந்த ஃபிக்ஸர்ல வெள்ளி கரைஞ்சிருக்கும், கிணத்துப் பக்கமோ செடிக்கோ ஊத்தாதீங்க. கேன்ல சேத்து வைங்க, எக்ஸ்ரே லேப்ல இருந்து ஹைப்போ எடுத்துட்டு போய் வெள்ளி பிரிக்கிறவங்க இருக்காங்க, லேப்ல கேட்டா சொல்லுவாங்க.

முதல் ரோல் காய்ஞ்சதும் ஃபிரேம பாக்கிறதுக்கு முன்னாடி ஓரத்துல இருக்கிற ஃபிலிம் பேரையும் நம்பரையும் பாருங்க. அது கம்பெனிலயே வெளிச்சம் பட்டு வர்றது, உங்க கேமராவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, அதனால அது காட்டுறது டெவலப்பர மட்டும்தான். அந்த எழுத்து நல்லா கருப்பா இருந்து படம் மட்டும் வெளிறியிருந்தா எக்ஸ்போஷர் குறைவு, டெவலப்பர குத்தம் சொல்லாதீங்க. எழுத்தும் சேந்து வெளிறியிருந்தா டெவலப்மென்ட் பத்தல, அடுத்த ரோல்ல நேரத்த 15 சதவீதம் ஏத்துங்க. எழுத்த சுத்தி கருப்பு கசிஞ்சு, வானம் எல்லாம் ஸ்கேனர் வெளிச்சம் ஊடுருவாத அளவுக்கு அடர்த்தியா இருந்தா அதே அளவு குறைங்க. ரெண்டு மூணு ரோல்ல உங்க தண்ணி, உங்க தெர்மாமீட்டர், உங்க கை ஆட்டுற விதம் எல்லாத்துக்கும் சேத்து ஒரு நேரம் கிடைச்சுடும், அத பாட்டில் லேபிள்லயே எழுதி வச்சுக்கோங்க. லீடர் டெஸ்ட்ல ஏதாவது விசித்திரமா வந்தா அந்த துண்ட ஜன்னல் வெளிச்சத்துல போட்டோ எடுத்து, மெட்டோல், சல்ஃபைட் பாட்டில் லேபிளையும் சேத்து போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.